டீசலில் தண்ணீர்: பழி யார் மீது?

உழுதுகொண்டிருக்கும் டிராக்டர் நடு நிலத்தில் நின்றுவிட்டால் முதலில் ஏச்சு வாங்குகிறவர் டிரைவர். அடுத்து டீசல் பங்குக்காரர். அவரும் கைவிரித்துவிட்டால் வண்டியைச் செய்த கம்பெனி. மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடமாகப் பார்த்து, மூடி சரியாக இறுகாமல் நின்றுகொண்டிருக்கிற பீப்பாயை யாரும் ஏசுவதில்லை. பல சமயம் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள மண்டகப்பட்டை எடுத்துக்கொள்ளலாம். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் பாறையில் எழுதி வைத்த ஊர் அது. எழுதியது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்று அந்தக் குகைக் கோயிலைச் சுற்றியுள்ள நிலங்களில் உலோகம் இல்லாமல் ஒரு சால் ஓட்ட முடியாது. அந்த உலோகம் அசைய டீசல் வேண்டும். கிணற்றுக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. உழவுக்கு அப்படி எதுவும் இலவசமாக வருவதில்லை. ஒவ்வொரு லிட்டரும் கைக்காசு.

சொந்த டிராக்டர் உள்ளவர்கள் ஊருக்குச் சிலர்தான். மற்றவர்கள் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து உழுகிறவர்கள். ஆகவே ஒரு வண்டி படுத்துவிட்டால் வண்டிக்காரர் ஒருவருக்கு மட்டும் நஷ்டம் என்று நினைப்பது சரியல்ல. அதற்காகக் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் நஷ்டம். செம்மண் நிலத்தில் மழை ஈரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மழை விட்டதும் பதம் பார்த்து உழுது மல்லாட்டை போட்டால் முளைப்பு சீராக வரும். பதம் தப்பிவிட்டால் விதை வீணாகும், அல்லது அடுத்த மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். பெரிய பண்ணைக்காரருக்கு இன்னொரு வண்டி கிடைக்கும். ஒரு ஏக்கர்காரருக்கு அந்த வரிசை ஒன்றுதான் கதி. வண்டி பட்டறையிலிருந்து திரும்பும்போது அவருடைய நிலத்தில் ஈரம் போயிருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் சில சமயம் அரை டம்ளர் தண்ணீர்.

டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலை மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சி எரியவிடுவதுதான் அதன் முறை. பீய்ச்சுகிற வேலை இஞ்செக்‌ஷன் பம்புக்கும் நாசிலுக்கும் உரியது. பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 2 முதல் 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்குப் பெயர் மைக்ரான். தலைமுடியின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான். இந்த இடுக்குக்குத் தனியாக மசகு எண்ணெய் போவதில்லை. போய்வருகிற டீசலே அதற்கு மசகு. டீசல் போகவேண்டிய இடத்தில் தண்ணீர் போனால் மசகு அற்று உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. வண்டியை நிறுத்தி வைத்தபின் அங்கே துரு ஏறுகிறது. சூடேறிய நாசில் முனையில் தண்ணீர் திடீரென்று ஆவியாகி முனையையே கெடுத்துவிடுவதும் உண்டு. மண் தூசு இதே சேதத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பழைய வண்டி, எதை ஊற்றினாலும் குடிக்கும்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பழைய வண்டி தாங்குகிறது என்பது உண்மை. ஆனால் தாங்குவது வேறு, கெடாமல் இருப்பது வேறு. புகை கொஞ்சம் கூடும், காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் அதிகமாகக் கேட்கும். இவையெல்லாம் பம்பும் நாசிலும் தேய்வதன் அடையாளங்களாக இருக்கலாம். வயதாகிவிட்டது என்று வண்டிக்காரர் சமாதானம் செய்துகொள்கிறார். புது வண்டிகளோ அந்த அளவுக்குக்கூடத் தாங்காது. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. அதற்காக அவற்றில் பெரும்பாலும் காமன் ரெயில் என்னும் உயர் அழுத்த முறை பொருத்தப்படுகிறது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும் அந்தச் சாதனத்துக்கு அழுக்கு டீசல் விஷம். சிறு விவசாயி அந்த வண்டியை வாங்கப்போவதில்லை என்றாலும், வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரமும் பெரிய டிராக்டரும் இனி அந்த ஜாதியாகத்தான் இருக்கும். அவற்றுக்குத் தன் வீட்டுக் கேனிலிருந்து டீசல் ஊற்றுகிறவர் அவர்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வெயிலில் நிற்கிற 200 லிட்டர் பீப்பாய் மூச்சு விடுகிறது என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். பகலில் உள்ளே உள்ள காற்று சூடாகி விரிந்து, மூடி இடுக்கு வழியே வெளியே போகிறது. மாலையில் மழை பெய்து பீப்பாய் குளிர்ந்தவுடன் உள்ளே உள்ள காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. பீப்பாயின் மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருப்பதால் அங்கே மழைத் தண்ணீர் தட்டில் வைத்தாற்போலத் தேங்கி நிற்கும். மூடி அந்தத் தண்ணீருக்குள் இருக்கும். அப்போது பீப்பாய் இழுப்பது காற்றை அல்ல, தண்ணீரை. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் தேய்ந்திருந்தால் இதுதான் கதை.

பீப்பாயைக் கூரைக்கு அடியில் வைத்தால் பாதி வியாதி தீர்ந்தது. படுக்கவைக்கிறவர்கள் குழாய் உள்ள பக்கம் மூன்று விரற்கடை உயர்ந்திருக்கும்படி கட்டைமேல் வைக்க வேண்டும். தண்ணீரும் வண்டலும் தாழ்ந்த பக்கம் தங்கிவிடும். நிறுத்திவைத்துக் கைப்பம்பால் இறைக்கிறவர்கள் பம்புக் குழாயின் முனை அடியைத் தொடாமல் நான்கு விரல் மேலே நிற்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். பங்கிலிருந்து வந்த டீசலை ஒரு நாள் முழுக்க அசையாமல் தெளியவிட்டு எடுப்பது நல்லது. அடியில் மிஞ்சுகிற கசடை "காசு கொடுத்து வாங்கினது" என்று டாங்கில் கவிழ்ப்பதுதான் விலை உயர்ந்த சிக்கனம். ஜி.ஐ. என்று சொல்லும் துத்தநாகம் பூசிய டிரம்மில் டீசலை வைக்கவே கூடாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி ஃபில்டரை அடைக்கும். இரும்பு டிரம், டீசலுக்கென்றே வைத்துள்ள நல்ல கேன், இவை போதும். பூச்சிமருந்து வந்த கேனைக் கழுவி உபயோகிக்கும் வழக்கம் டீசலுக்கும் கெடுதி, கழுவுகிறவருக்கும் கெடுதி.

ஆனால் இதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, ஒரு டிராக்டர் வைத்திருப்பவருக்குப் பீப்பாய் தேவையா என்பதே. சட்டத்தில் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 2,500 லிட்டர் வரை, ஒரு பாத்திரத்தில் 1,000 லிட்டருக்கு மேற்படாமல், லைசென்ஸ் இல்லாமல் டீசல் வைத்துக்கொள்ள 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டம் இடம் தருகிறது. டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பீப்பாய் ஒரு சேமிப்பு. 2017 ஜூன் முதல் விலையைத் தினசரி மாற்றியமைக்கும் முறை வந்தபின், "ஏறுவதற்கு முன் வாங்கி வைப்போம்" என்பதில் கிடைக்கும் லாபம் லிட்டருக்குச் சில காசுகள், மிஞ்சினால் ஓரிரு ரூபாய். அதற்காக மாதக்கணக்கில் டீசலைத் தேக்கிவைத்து ஒரு பம்பை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது. பங்கு கிட்டத்தில் இருக்கிற ஊர்களில் ஒரு வாரத்துத் தேவைக்கு மேல் வீட்டில் வைக்காமல் இருப்பதே உத்தமம்.

நாட்பட்ட டீசலில் இன்னொரு சங்கதியும் உண்டு. அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கினால், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பாசிபோல ஒன்று வளரும். அது பாசி அல்ல. டீசலைத் தின்று பிழைக்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும். ஃபில்டரைத் திறக்கும்போது கறுப்பாக, வழவழவென்று, புளித்த வாடையோடு கைக்கு அகப்படுவது இதுதான். டீசலில் தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலைச் சேர்க்கவேண்டும் என்று 2018-ஆம் வருடத் தேசியக் கொள்கை சொல்கிறது. 2030-க்குள் 100-க்கு 5 பங்கு என்பது இலக்கு. அது நல்ல நோக்கந்தான். ஆனால் பயோடீசல் ஈரத்தை அதிகம் பிடித்துவைக்கும் தன்மை உடையது. கலப்பு ஏற ஏற, நாட்கணக்கில் டீசலைத் தேக்கிவைக்கிறவருக்குத் தொல்லையும் ஏறும்.

டிராக்டரின் டாங்கு மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூடி தொலைந்துபோய்க் கந்தல் துணி செருகிய டாங்கு, அல்லது பாலித்தீன் பையைக் கவிழ்த்துச் சணல் கட்டிய டாங்கு, செஞ்சிச் சந்தைக்கு வரும் வண்டிகளில் இன்றும் கண்ணில் படுகிறது. துணியில் உள்ள தூசும் நூலும் டாங்குக்குள் போகும், மழையும் போகும். மூடியில் காற்றுப் போகும் ஒரு சிறு துளை உண்டு. பாலித்தீன் கட்டியவர் அந்தக் காற்றையும் அடைத்துவிடுகிறார். டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, வண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும். பட்டறைக்காரர் ஃபில்டரை மாற்றுவார், ஏர் எடுப்பார், குற்றம் பிடிபடாது. பல லட்சம் ரூபாய் வண்டிக்குச் சில நூறு ரூபாய் மூடி வாங்க ஏன் இத்தனை தயக்கம் என்பது விளங்காத புதிர்.

மார்கழி, தை மாதங்களில் பகல் வெயிலும் இரவுப் பனியும் இருக்கும். அரை டாங்கோடு நிற்கிற வண்டியில், காலியான பாதியில் உள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து சுவரில் வியர்க்கும். ஓர் இரவில் சேர்வது சொட்டுக் கணக்குதான், மழைத் தண்ணீரோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் உழவு இல்லாமல் இரண்டு மாதம் நிற்கிற வண்டியில் அது சேரும். வேலை முடிந்த மாலையிலேயே டாங்கை நிரப்பிவைக்கும் பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுதான். காலையில் வயலில் புழுதிக்கு நடுவில் நின்று ஊற்றுவதைவிட மாலையில் வீட்டில், மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, சல்லடை வைத்த புனலால் ஊற்றுவது சுத்தமும் கூட. வேட்டித் துணியில் வடிகட்டுவது மண்ணைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. நூலிழையையும் கூடவே அனுப்பும்.

இவையெல்லாம் சாதாரண மழைக்கு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்துக்குக் காட்டியது வேறு கணக்கு. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. டயர் முழுகத் தண்ணீர் நின்ற வண்டியில், டாங்கு மட்டுமல்ல, கியர் பெட்டி, ஏர் கிளீனர் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. தண்ணீர் வடிந்தவுடன் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் வெள்ளத்தைவிடப் பெரிய சேதத்தைச் செய்கிறது. முழுகிய வண்டியில் டீசலையும் ஆயிலையும் இறக்கிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது.

பங்கில் கேட்கவேண்டியவை

எல்லாப் பழியையும் விவசாயியின் பீப்பாய்மேல் போடுவதும் நியாயமல்ல. 2025 ஜூன் 26 இரவு மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் அருகே நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். மாநில முதலமைச்சரின் அணிவகுப்புக்கு வந்த 19 கார்கள் ஒரே பங்கில் டீசல் போட்டன. சிறிது தூரம் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கார்களை ஆட்கள் தள்ளிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. டாங்குகளைக் கழற்றிப் பார்த்தபோது, 20 லிட்டர் ஊற்றியதில் 10 லிட்டர் தண்ணீர் என்று செய்திகள் கூறின. அங்கே டீசல் போட்ட லாரி ஒன்றும் நின்றதாகச் செய்தி. மழைத் தண்ணீர் நிலத்தடி டாங்கில் கசிந்திருக்கலாம் என்பது பங்கின் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானம். அதிகாரிகள் உடனே வந்தார்கள், பங்கு உடனே சீல் வைக்கப்பட்டது.

அந்த லாரி மட்டும் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? மண்டகப்பட்டில் ஒரு டிராக்டர் மட்டும் நின்றால் என்ன நடக்கும்? டிரைவருக்கு ஏச்சு, வண்டிக்காரருக்குப் பட்டறைச் செலவு. சீல் வைக்க யாரும் வரமாட்டார்கள். சட்டம் முதலமைச்சருக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று என்று இரண்டாக இல்லை. வித்தியாசம் சாட்சியில் இருக்கிறது. 19 கார்கள் ஒரே இடத்தில் நின்றது தானே சாட்சி. ஒற்றை டிராக்டர்காரர் சாட்சியைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு வெள்ளைக் கண்ணாடிப் புட்டி, நன்றாகக் காய்ந்தது, போதும். பங்கில் கேனில் வாங்கும்போதே, அங்கேயே, பம்பு முனையிலிருந்து அரை லிட்டர் அதில் பிடித்து மூடிவிட வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் இருந்தால் அடியில் தங்கித் தனிக் கோடாகத் தெரியும். நல்ல டீசல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெளிவாக இருக்கும். கலங்கலாக, மோர் கலந்தாற்போல இருந்தால் அதிலும் தண்ணீர் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தெளிய நேரம் கொடுத்துப் பார்க்கலாம். தேதி எழுதி ஒட்டி, பில்லோடு சேர்த்து அந்த மாதம் முடியும்வரை வெயில் படாத இடத்தில் வைத்திருக்கலாம். பில் வாங்கும் பழக்கம் கிராமத்தில் இல்லை. வாங்கினால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்ற கூச்சம். உரக்கடையில் பில் கேட்கக் கூச்சப்படாதவர் டீசல் பங்கில் ஏன் கூச்சப்படவேண்டும்?

டீசலின் அடர்த்தியைப் பங்கில் தினமும் எழுதிக் காட்டவேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் கொடுத்துச் சோதிக்க விடவேண்டும். 15 டிகிரிச் சூட்டுக்குக் கணக்கிட்டு வரும் எண், பதிவான எண்ணிலிருந்து 3-க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். ஃபில்டர் காகிதத்தில் சொட்டுவிட்டுப் பார்க்கும் சோதனை பெட்ரோலுக்கு உரியது, டீசலுக்கு அதை நம்பிப் பயனில்லை. நிலத்தடி டாங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, அளவுகோலில் பசை தடவி இறக்குவார்கள். தண்ணீர் பட்ட அளவுக்குப் பசை நிறம் மாறும். பெருமழைக்கு மறுநாள் பங்குக்குப் போகிறவர் இதைச் செய்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல பங்குக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். டாங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போதோ இறக்கி முடித்த கையோடோ டீசல் பிடிக்காமல் கொஞ்சம் பொறுத்திருப்பதும் புத்திசாலித்தனம். அடியில் கிடக்கும் கசடும் தண்ணீரும் அந்த நேரத்தில்தான் கலங்கியிருக்கும்.

தண்ணீர் கவனக் குறைவால் வருவது. கலப்படம் வேறு, அது வேண்டுமென்று செய்வது. மானிய மண்ணெண்ணெய் தாராளமாக ஓடிய காலத்தில் அதை டீசலில் கலந்து விற்பது நாடு முழுக்கப் பெரிய வியாபாரமாக இருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே அதைக் கண்டுபிடிக்கத்தான். மண்ணெண்ணெய் டீசலைவிட இலேசானது, வழவழப்புக் குறைந்தது. பம்பின் தேய்மானத்தைக் கூட்டும். அந்த வியாபாரத்தைத் தடுக்கப் போனதற்காக உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரியில் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி மஞ்சுநாத் 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 27 வயது. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவானே எரித்துக் கொல்லப்பட்டார். கலப்படத்தைத் தடுக்க 2005-இல் போடப்பட்ட கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் இன்றும் இருக்கிறது. இத்தனை விலை கொடுத்துக் காக்கப்பட்ட உரிமையை, கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

புகார் புத்தகம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கவேண்டும். கம்பெனி அதிகாரியின் தொலைபேசி எண் பலகையில் எழுதியிருக்கும். வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். நுகர்வோர் உதவிக்கு நாடு முழுவதற்கும் 1915 என்ற எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய சரக்குக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வைத்துள்ள வண்டி என்றால் "வியாபாரம்" என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் இங்கேதான் பீப்பாய் திரும்பவும் குறுக்கே வருகிறது. பங்கில் வாங்கியதை, ஏற்கெனவே தண்ணீர் உள்ள பீப்பாயில் கொட்டிவிட்டவர் எந்த ஆணையத்தில் என்ன நிரூபிக்க முடியும்? பங்கைக் கேள்வி கேட்க நினைக்கிறவர் முதலில் தம் பாத்திரத்தைக் கேள்விக்கு இடமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வண்டி நின்றுவிட்டால்

இஞ்சின் விட்டுவிட்டு அடிப்பது, பாரம் ஏறியதும் திணறுவது, வெள்ளைப் புகை தள்ளுவது, பிறகு நின்றுபோவது, இவை தண்ணீரின் அறிகுறிகள். ஃபில்டர் அடைப்பிலும் காற்று புகுந்தாலும் இவற்றில் சில தெரியும். எதுவாயினும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அமுக்கக்கூடாது. வயலிலிருந்து இழுத்துவிடும் அவசரத்தில் இன்னொரு வண்டியைக் கட்டித் தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். ஃபில்டர்வரை வந்த தண்ணீரைப் பம்புக்குள்ளும் நாசிலுக்குள்ளும் தள்ளிவிடுவது அந்தச் செயல்தான். ஃபில்டர் அடியில் உள்ள திருகை இளக்கி வடிவதைப் புட்டியில் பிடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

தண்ணீர் என்று தெரிந்தால் டாங்கை அடிவரை இறக்கிச் சுத்தமான டீசலால் அலசி, சல்லடையையும் வண்டல் கிண்ணத்தையும் கழுவி, இரண்டு ஃபில்டரையும் புதிதாக மாற்றி, பிறகுதான் கைப்பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். பழைய காகித ஃபில்டரைத் தட்டி ஊதித் திரும்பப் போடுவது வீண். ஈரம்பட்ட காகிதம் கிழிந்து, வடிகட்டுவதாக ஏமாற்றிக்கொண்டிருக்கும். இத்தனைக்குப் பிறகும் அடிப்பு சீராகவில்லை என்றால் பம்பையும் நாசிலையும் கழற்றி, சோதனை மேடை உள்ள டீசல் பம்பு கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மரத்தடியில் பம்பைப் பிரிக்க அனுமதிக்கிறவர் மைக்ரான் கணக்கை மறந்தவர். இறக்கிய டீசலை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்டாமல் ஒரு கேனில் தெளியவிட்டால், மேலாக எடுத்து இரும்புச் சாமான் கழுவ உதவும்.

தண்ணீரை எரித்துவிடும், கரைத்துவிடும் என்று சொல்லி விற்கும் மருந்துப் புட்டிகளைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். இவற்றில் சில தண்ணீரை நுண்துளிகளாக்கி டீசலோடு கலக்கச் செய்கின்றன. அடியில் தங்கி வடித்துவிடக்கூடிய தண்ணீர், ஃபில்டரைத் தாண்டிப் பம்புக்குப் போகிற தண்ணீராகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு ஃபில்டர் வாங்கலாம். கழிவு ஆயிலையும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் டீசலில் கலந்தால் பம்பு வழவழப்பாக ஓடும் என்ற வதந்தியும் அப்படியே. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வருகிற டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு உட்பட்டது. கந்தகத்தை நீக்கும்போது குறையும் வழவழப்புக்கு ஈடாகச் சேர்க்கவேண்டியதைச் சுத்திகரிப்பு நிலையமே சேர்த்து அனுப்புகிறது. விவசாயி அதில் கைவைக்க வேண்டியதில்லை.

வாடகை வண்டியில் இன்னொரு சிக்கல். டீசல் ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது, ஓட்டுகிறவர் மூன்றாமவர். தினமும் காலையில் திருகை இளக்கி ஒரு டம்ளர் வடித்துப் பார்ப்பது யார் வேலை என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆந்திரத்தில் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கு உரியது அதுவே. வட்டாரத்துக்கு இரண்டு டிரைவர்கள் அங்கே போய் வந்தாலும் ஊரில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு விடுவதோடு நின்றுவிடாமல், மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலோ டிரைவர்களைக் கூட்டி, ஃபில்டர் மாற்றுவதையும் ஏர் எடுப்பதையும் கையால் செய்ய வைத்துக் காட்டலாம். விதைக்கும் உரத்துக்கும் எத்தனையோ விளக்கக் கூட்டம் நடக்கிறது, டீசலுக்கு ஒன்றுகூட நடப்பதாகத் தெரியவில்லை.

ஊர்க் கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடியது இன்னும் எளிது. ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், அரை லிட்டர் கண்ணாடி ஜாடி, அடர்த்தியைச் சூட்டுக்குத் தக்கபடி திருத்தும் அட்டவணை, இவ்வளவுதான் தேவை. சங்க உறுப்பினர் யார் புட்டியைக் கொண்டுவந்தாலும் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். ஒரே வாரத்தில் ஒரே பங்கிலிருந்து வந்த நான்கு புட்டியில் தண்ணீர் தெரிந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு செஞ்சி தாலுகா ஆபீசுக்குப் போகலாம். அப்போது போகிறவர் ஒற்றை டிராக்டர்காரராக இருக்கமாட்டார். அடுத்த பேரவைக் கூட்டத்துக்குப் பொருள் கேட்டுச் செயலாளர் அறிவிப்பு ஒட்டும்போது, உறுப்பினர் ஒருவர் இதை எழுதிக் கொடுத்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் ஜாடி வந்துவிடும்.